கம்பைலரைத் தொடும் நாளில் நிரலைத் தொடாதீர்கள்

கப்பலூர் தொழிற்பேட்டையில் விவசாய மோட்டார்களுக்கு ஸ்டார்ட்டர் பேனல் செய்யும் சிறிய பட்டறை ஒன்றில் ஃபர்ம்வேர் (சில்லுக்குள் ஓடும் நிரல்) என் பொறுப்பு. ஆழ்துளைக் கிணறு வற்றினால் மோட்டாரை நிறுத்த வேண்டும், மூன்று ஃபேஸில் ஒன்று போனால் நிறுத்த வேண்டும், மின்சாரம் திரும்பி வந்தால் சற்றுப் பொறுத்து ஓட்ட வேண்டும். பேனலின் வேலை இவ்வளவுதான். உள்ளே இருப்பது எஸ்டிஎம்32எஃப்103சி8 என்ற சில்லு: 72 மெகாஹெர்ட்ஸ், 64 கிலோபைட் ஃபிளாஷ், 20 கிலோபைட் ராம். டைமர், மின் அளவை எண்ணாக்கும் ஏடிசி, சீரியல் போர்ட், நிரல் உறைந்தால் சில்லை ரீசெட் செய்யும் வாட்ச்டாக் ஆகியவற்றைக் கையாளும் எங்கள் சொந்த லைப்ரரி அதன் மேல் ஓடுகிறது.

அந்த லைப்ரரியின் நிரல் இப்போது அதிகம் மாறுவதில்லை. மாறிக்கொண்டே இருப்பவை அதைச் சுற்றியுள்ள கருவிகள். நிரலைச் சில்லின் ஆணைகளாக மாற்றும் கம்பைலர் மாறுகிறது, அந்தத் துண்டுகளை இணைக்கும் லிங்கர் புது எச்சரிக்கை தருகிறது, ஓடும் நிரலை நிறுத்திப் பார்க்க உதவும் டீபக்கரின் ஆணைகள் பெயர் மாறுகின்றன, கடையில் கிடைக்கும் சில்லுகூட வேறாக இருக்கிறது. லைப்ரரி எழுதக் கற்றுத்தரப் பலர் இருக்கிறார்கள். எழுதிய பின் அதை வருடக்கணக்கில் கட்டிக்காப்பதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை.

வாடிப்பட்டிப் பக்கத்துத் தென்னந்தோப்பில் மாட்டிய பேனல் பல ஆண்டுகள் அங்கேயே ஓடும். ஒருநாள் அதில் ஒரு வரியைத் திருத்த வேண்டி வரும். அன்றைக்கு, திருத்துவதற்கு முன், தோப்பில் ஓடிக்கொண்டிருக்கும் அதே ஃபர்ம்வேரை ஒரு பைட்கூட மாறாமல் என் மேசையில் மீண்டும் உருவாக்கிக் காட்ட முடிய வேண்டும். முடிந்தால் கருவிகள் ஒழுங்காக இருக்கின்றன என்று பொருள். இந்த ஒரு சோதனையை மனத்தில் வைத்துக்கொண்டு கீழே உள்ளவற்றைப் படியுங்கள்.

தலைப்பில் உள்ள விதியும் இதிலிருந்து வருவதுதான். கருவியை மாற்றினால் நிரல் அப்படியே இருக்க வேண்டும். நிரலை மாற்றினால் கருவி அப்படியே இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் மாற்றிவிட்டு, உசிலம்பட்டியில் மோட்டார் நிற்கவில்லை என்று போன் வந்தால், எதைச் சந்தேகிப்பது?

முதலில் கணக்கெடுப்பு

நீங்கள் உண்மையில் எத்தனை கருவிகளை நம்பியிருக்கிறீர்கள் என்று எழுதிப் பாருங்கள். ஜிசிசி கம்பைலர், அசெம்பிளரும் லிங்கரும் அடங்கிய பின்யூட்டில்ஸ், சி மொழியின் அடிப்படைச் செயல்பாடுகளைத் தரும் நியூலிப், மேக்ஃபைல் என்ற கோப்பில் எழுதிய படிகளை ஓட்டும் மேக், ஹெடர் கோப்புகளை உருவாக்கித் தரும் பைத்தான் அல்லது ஆக் ஸ்கிரிப்டுகள், டீபக்கரான ஜிடிபி, அதைச் சில்லுடன் பேசவைக்கும் ஓப்பன்ஓசிடி, கணினியையும் சில்லையும் இணைக்கும் எஸ்டி-லிங்க் டாங்கிள். பெரும்பாலோர் மறப்பது நியூலிப்பை. ஆர்ம் நிறுவனம் தரும் தொகுப்பில் அது கம்பைலருடன் சேர்ந்தே வருகிறது. உபுண்டுவில் அது தனிப் பொதி. கம்பைலர் மாறாமல் நியூலிப் மட்டும் மாறினாலும் எழுத்துகளை அச்சிடும் பிரின்ட்எஃப் பிடிக்கும் இடம் மாறிவிடும்.

இந்தப் பட்டியல் நோட்டில் இருந்தால் போதாது. நிரலின் பதிப்புகளைக் கிட் கருவி காத்துவைக்கும் களஞ்சியத்துக்குள் ஒரு சாதாரண உரைக் கோப்பாக இருக்க வேண்டும். மேக்ஃபைலின் முதல் வேலையே, கணினியில் உள்ள பதிப்பு அந்தக் கோப்பில் உள்ள பதிப்புதானா என்று பார்ப்பதாக இருக்கட்டும். இல்லையென்றால் எச்சரித்துவிட்டுத் தொடரக் கூடாது, நின்றுவிட வேண்டும். எச்சரிக்கையை யாரும் படிப்பதில்லை.

பைத்தான் ஸ்கிரிப்டுகள் தனிக் கவனம் கேட்பவை. பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-உடன் முடிந்தது. அதற்கு முன் எழுதிய ஸ்கிரிப்டுகள் இன்னும் பல லைப்ரரிகளின் மூலையில் தூங்குகின்றன. எங்களிடம் குறுக்கீட்டு அட்டவணையை (எந்த வன்பொருள் அழைப்புக்கு எந்தச் செயல்பாடு ஓட வேண்டும் என்ற பட்டியலை) உருவாக்கும் ஸ்கிரிப்ட் ஒன்று இருக்கிறது. அது தரும் ஹெடர் கோப்பையும் களஞ்சியத்தில் சேர்த்துவிட்டேன். உருவாக்கப்படும் கோப்பைக் களஞ்சியத்தில் வைக்கக் கூடாது என்று பாடம் சொல்வோர் உண்டு. சில்லின் குறுக்கீடுகள் வருடத்துக்கு ஒருமுறை மாறுபவை அல்ல; பைத்தான் இல்லாத கணினியிலும் லைப்ரரி உருவாக வேண்டும். பாடத்தைவிட எனக்கு அதுவே முக்கியம்.

கம்பைலர் உங்கள் அலமாரியில் இருக்கட்டும்

பட்டறையில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் கேட்டார்: "அக்கா, அப்டேட் கேட்கிறது, கொடுத்துவிடட்டுமா?" கணினிக்குக் கொடுக்கலாம். கம்பைலருக்குக் கொடுக்கக் கூடாது. அதனால்தான் கம்பைலரை உபுண்டுவின் பொதி மேலாளர் வழியாக நிறுவுவதில்லை. ஆர்ம் நிறுவனத்தின் தளத்திலிருந்து தொகுப்பை இறக்கி, பதிப்பு எண்ணையே பெயராகக் கொண்ட தனிக் கோப்புறையில் விரித்து வைக்கிறோம். மேக்ஃபைலில் உள்ள ஒரு மாறி அந்தக் கோப்புறையைக் காட்டுகிறது. பழைய கம்பைலரும் புதிய கம்பைலரும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், ஒன்றை ஒன்று தொடாது.

இறக்கிய சுருக்கக் கோப்பை அழிக்காதீர்கள். ஒரு பைட் மாறினாலும் மாறிவிடும் அதன் எஸ்ஹெச்ஏ256 அடையாள எண்ணைக் களஞ்சியத்தில் எழுதிவிட்டு, கோப்பை ஒரு வெளி ஹார்ட் டிஸ்கில் வையுங்கள். இணையத்தில் எப்போதும் கிடைக்கும் என்று எண்ணுவது சோம்பேறித்தனம். இதே கம்பைலர் 10.3 வரை ஒரு பெயரில் வந்தது, 2022-இல் 11.2 வந்தபோது தொகுப்பின் பெயரும் இறக்கும் இடமும் மாறின. பழைய முகவரியை எழுதி வைத்திருந்த ஸ்கிரிப்டுகள் புதிய பதிப்பைத் தேடினால் கிடைக்காது. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 முதல் மாலை 5 வரை மின்சாரம் இல்லாத நாளில் பட்டறை நின்றுவிடும். மடிக்கணினியில் பேட்டரி இருக்கும், இணையம் இருக்காது. கருவி வேலைக்கு அதைவிட நல்ல நாள் கிடையாது. டிஸ்க் கையில் இருப்பதால்தான் அது நடக்கிறது.

உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்புகள் இரட்டைப்படை ஆண்டுகளில் ஏப்ரல் மாதம் வருகின்றன. எங்களுக்கு அது சித்திரைத் திருவிழாக் காலம்; கிணறுகள் வற்றத் தொடங்கும் காலமும்கூட. நீரின்றி ஓடி மோட்டார் கருகிப்போகாமல் தடுக்கும் பேனலைக் கேட்டு மேலூரிலிருந்தும் திருமங்கலத்திலிருந்தும் ஆட்கள் வந்து நிற்பார்கள். ஆகவே பங்குனி முதல் ஆடி வரை கருவிகளைத் தொடுவதில்லை என்பது பட்டறையின் சட்டம். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் ஆர்டர் குறையும். மேம்படுத்தும் வேலை முழுவதும் அப்போதுதான். உங்கள் தொழிலில் எது மழைக்காலம் என்று பார்த்து நாள் குறியுங்கள்.

அதே மூலம், அதே பைட்டுகள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்வதானால் இதைச் செய்யுங்கள். ஒரே மூல நிரலை இரண்டு வெவ்வேறு கோப்புறைகளில், முடிந்தால் இரண்டு கணினிகளில், புதிதாக உருவாக்குங்கள். கிடைக்கும் இரண்டு பைனரி கோப்புகளின் எஸ்ஹெச்ஏ256 எண்களை ஒப்பிடுங்கள். பெரும்பாலும் முதல் முறை ஒன்றாக இராது. ஏன் என்று தேடுவதில்தான் உங்கள் கட்டமைப்பின் குறைகள் எல்லாம் வெளியே வரும்.

முதல் காரணம் தேதியும் நேரமும். ஃபர்ம்வேர் பதிப்போடு உருவாக்கிய நேரத்தையும் அச்சிட யாராவது சி மொழியின் தேதி மேக்ரோவைப் பயன்படுத்தியிருப்பார்கள். ஜிசிசியின் 'டபிள்யூ டேட்-டைம்' ஃபிளாக் (கட்டளையுடன் சேர்க்கும் விருப்பக் குறி) அது எங்கே என்று காட்டிக்கொடுக்கும். அதை எடுத்துவிட்டு, கிட் தரும் பதிப்பு அடையாளத்தை வையுங்கள். எடுக்க மனமில்லை என்றால், 'சோர்ஸ் டேட் ஈபோக்' என்ற சூழல் மாறியில் ஒரு நிலையான நேரத்தைக் கொடுக்கலாம். ஜிசிசி 7 முதல் அதை மதிக்கிறது.

இரண்டாவது, கோப்புறையின் பெயர். கம்பைலருக்குக் கோப்பின் முழுப் பாதையைக் கொடுத்தால், தவறான நிலையைப் பிடிக்கும் அசர்ட் மேக்ரோக்கள் அதை அப்படியே ஃபிளாஷில் எழுதிவிடும். என் கணினியில் பாதை நீளம், தம்பியின் கணினியில் குட்டை. பைட்டுகள் எப்படி ஒன்றாகும்? ஜிசிசி 8 முதல் உள்ள 'ஃபைல்-பிரிஃபிக்ஸ்-மேப்' ஃபிளாக் பாதையின் முன்பகுதியை வெட்டிவிடும். ஃபிளாஷில் இடமும் மிச்சமாகும்.

மூன்றாவதைக் கண்டுபிடிப்பது கடினம். மேக்ஃபைலில் 'வைல்ட்கார்ட்' செயல்பாட்டை வைத்துக் கோப்புகளைத் திரட்டினால், அவை எந்த வரிசையில் வரும்? மேக் 3.82-இல் அகர வரிசை நின்றுபோனது. 2020-இல் வந்த 4.3-இல்தான் திரும்பி வந்தது. இடைப்பட்ட பதிப்புகளில் கோப்பு முறைமை கொடுத்த வரிசைதான். லிங்கர் அந்த வரிசையில் அடுக்குவதால் ஒவ்வொரு செயல்பாட்டின் முகவரியும் இடம் மாறும். மேக் பதிப்பை நம்பாமல், திரட்டியதை 'சார்ட்' செயல்பாட்டுக்குள் போட்டுவிடுங்கள்.

நான்காவதைப் பிழை என்றே சொல்ல வேண்டும். லைப்ரரியைத் தொகுக்கும் 'ஏஆர்' கருவி, ஏற்கெனவே உள்ள தொகுப்பில் புதியதைச் சேர்க்கும், மாறியதை மாற்றும். ஆனால் நீங்கள் அழித்த மூலக் கோப்பிலிருந்து முன்பு உருவான ஆப்ஜெக்ட் கோப்பை அதிலிருந்து நீக்காது. மூலத்தில் இல்லாத செயல்பாடு தொகுப்பில் உயிரோடு இருக்கும். உங்கள் கணினியில் எல்லாம் ஓடும். வேறொருவர் புதிதாக இறக்கி உருவாக்கும்போதுதான் லிங்கர் கத்தும். தொகுக்கும் முன் பழைய தொகுப்பை அழிப்பது ஒரே ஒரு வரி. அந்த வரி மேக்ஃபைலில் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள்.

கூடவே ஹெடர் சார்புகள். 'எம்எம்டி', 'எம்பி' என்ற இரண்டு ஃபிளாக்குகளையும் கொடுத்து, கம்பைலர் எழுதித் தரும் சார்புக் கோப்புகளை மேக்ஃபைலில் சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஹெடரில் ஒரு எண்ணை மாற்றினாலும் பழைய ஆப்ஜெக்ட்டே லிங்க் ஆகும். ஒவ்வொரு முறையும் 'மேக் கிளீன்' கொடுத்துப் பழகியவர்கள் இந்த நோயுடன்தான் குடும்பம் நடத்துகிறார்கள்.

விண்டோஸில் உருவாக்கும் கல்லூரி மாணவர்களுக்கு மட்டும் இரண்டு வார்த்தை: இடைவெளி உள்ள பயனர் பெயரின் கீழ் களஞ்சியத்தை வைக்காதீர்கள், மேக் அதைத் தாங்காது. வரி முடிவுக் குறிகளைக் கிட் மாற்றிவிடாமல் இருக்க, ஸ்கிரிப்ட் கோப்புகளுக்கு அதற்கான அமைப்பைக் களஞ்சியத்திலேயே எழுதி வையுங்கள்.

மேம்படுத்தும் நாள்

பழைய கருவியில் பைட்டுகள் ஒத்துப்போன பிறகே புதிய கம்பைலரை எடுக்க வேண்டும். நிரலில் ஒரு எழுத்தையும் மாற்றாமல் உருவாக்குங்கள். என்னென்ன எதிர்ப்படும் என்று முன்கூட்டியே சொல்லிவிட முடியும்.

ஜிசிசி 9 அல்லது அதற்கு முந்தையதிலிருந்து 10-க்கோ அதற்கு மேலோ போகிறீர்களா? ஒரே மாறி பல இடங்களில் வரையறுக்கப்பட்டுள்ளது என்று லிங்கர் நிறுத்தலாம். யாரோ ஹெடர் கோப்பில் 'எக்ஸ்டர்ன்' இல்லாமல் பொது மாறி ஒன்றை எழுதியிருக்கிறார்கள்; முன்பு கம்பைலர் அதைப் பொறுத்துக்கொண்டது, 10 முதல் இல்லை. பழைய நடத்தையைத் திரும்பக் கொண்டுவரும் ஃபிளாக் உண்டு. அதைப் போடாதீர்கள், ஹெடரைத் திருத்துங்கள். ஆனால் அந்தத் திருத்தத்தைப் பழைய கம்பைலரில் முதலில் செய்து, சோதித்து, தனியாகச் சேமித்த பிறகு புதியதற்கு வாருங்கள். விதி ஞாபகம் இருக்கிறதல்லவா?

2022-இல் வந்த பின்யூட்டில்ஸ் 2.39 முதல், படிக்கவும் எழுதவும் இயக்கவும் அனுமதி உள்ள பகுதி இருக்கிறது என்று லிங்கர் எச்சரிக்கிறது. மேசைக் கணினிக்கு அது பாதுகாப்புப் பிரச்சினை. இயங்குதளமே இல்லாத சில்லில் அந்த அனுமதிகளை யாரும் படிப்பதில்லை. எச்சரிக்கையை அணைக்கும் லிங்கர் ஃபிளாக் பழைய பதிப்புகளுக்குத் தெரியாது என்பதால், பதிப்பைப் பார்த்துச் சேர்க்க வேண்டியிருக்கும். நியூலிப்பிலிருந்து, கோப்பை மூடும் செயல்பாடு எழுதப்படவில்லை, அழைத்தால் தோற்கும் என்பது போன்ற வரிகளும் வரலாம். பேனலில் கோப்பு ஏது? வெற்றுச் செயல்பாடுகளை நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டால் அடங்கிவிடும்.

சத்தம் போடும் இவற்றால் ஆபத்தில்லை. ஆபத்து சத்தமில்லாமல் வருவதில் இருக்கிறது. புதிய கம்பைலர் புத்திசாலி. அந்தப் புத்தி பழைய நிரலின் ஓட்டைகளை வெளியே கொண்டுவரும். குறுக்கீட்டுச் செயல்பாடு மாற்றும் மாறிக்கு, ஒவ்வொரு முறையும் நினைவகத்திலிருந்து படிக்கச் சொல்லும் 'வோலட்டைல்' போடாமல் விட்டிருந்தால், முன்பு தற்செயலாக ஓடியது இப்போது முடிவில்லாத சுழலில் நிற்கும். எண்ணிக்கொண்டே காலம் கடத்தும் வெற்றுச் சுழல்கள் பாதி நேரத்தில் முடிந்துவிடும், அல்லது முழுவதும் காணாமல் போகும். ரிலே ஒட்டுவதற்கு முன்பே அடுத்த வரி ஓடும். காலம் கடத்தும் வேலை எல்லாவற்றையும் டைமரிடமோ, கார்டெக்ஸ்-எம்3-இல் உள்ள சுழற்சி எண்ணியிடமோ கொடுத்துவிடுங்கள். கம்பைலர் எதை மாற்றினாலும் அவை மாறா.

உருவாகி முடிந்ததும் மூன்று விஷயங்களைப் பாருங்கள். முதலாவது, பைனரியின் முதல் எட்டு பைட்டுகள். அவற்றில் முதல் நான்கு, தற்காலிக மதிப்புகளை அடுக்கும் ராம் பகுதியான ஸ்டாக்கின் தொடக்க முகவரி. 20 கிலோபைட் ராமின் உச்சியில் ஸ்டாக்கை வைத்திருந்தால் பதினாறடிமான எண்ணில் 20005000 என்று இருக்க வேண்டும். கோப்பில் பைட்டுகள் தலைகீழாக 00, 50, 00, 20 என்று தெரியும். அடுத்த நான்கு, ரீசெட் செயல்பாட்டின் முகவரி. தம்ப் வகை ஆணை என்பதால் அது ஒற்றைப்படை எண்ணாக இருந்தே தீர வேண்டும். பயன்படாத பகுதிகளை வெட்டியெறியும் லிங்கர் ஃபிளாக்கைக் கொடுத்துவிட்டு, லிங்கர் ஸ்கிரிப்டில் குறுக்கீட்டு அட்டவணைக்கு, வெட்டாதே என்று சொல்லும் 'கீப்' போட மறந்திருந்தால் இங்கேயே தெரிந்துவிடும். இந்தச் சோதனையை மேக்ஃபைலிலேயே ஒரு படியாக வைத்திருக்கிறேன்.

இரண்டாவது, அளவு. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். 65,536 பைட்டில் அளக்காமல் போட வழியே இல்லை. நிரலும் தொடக்க மதிப்புள்ள மாறிகளும் சேர்ந்து ஃபிளாஷுக்குள் அடங்க வேண்டும். மாறிகள் அனைத்தும் ஸ்டாக்கும் சேர்ந்து ராமுக்குள் அடங்க வேண்டும். மொத்த அளவோடு நின்றுவிடாதீர்கள். 'என்எம்' கருவி ஒவ்வொரு செயல்பாட்டின் அளவையும் வரிசைப்படுத்தித் தரும். பழையதையும் புதியதையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், எது திடீரென்று வீங்கியது, எது சுருங்கி மறைந்தது என்று தெரியும். சுருங்கியதைத்தான் முதலில் திறந்து பாருங்கள்.

மூன்றாவது, உண்மையான பேனல். பட்டறையில் மோட்டாருக்குப் பதில் மூன்று ஃபேஸுக்கும் மூன்று பல்புகள் மாட்டிய பலகை ஒன்று உண்டு. ஒரு ஃபேஸைப் பிடுங்கினால் மூன்றும் அணைய வேண்டும். மின்சாரத்தை நிறுத்திக் கொடுத்தால் உரிய நேரம் பொறுத்து எரிய வேண்டும். இதில் தேறாத கம்பைலர் எங்கள் தோப்புகளுக்குப் போகாது.

டீபக்கர்

எஸ்டி-லிங்க் டாங்கிளை லினக்ஸில் செருகியதும் சூடோ போட்டு நிர்வாகி (ரூட்) அனுமதியில் ஓட்டும் பழக்கத்தை விடுங்கள். பிறகு உருவாகும் கோப்புகள் எல்லாம் ரூட் பெயரில் நிற்கும். ஓப்பன்ஓசிடியுடன் சாதாரணப் பயனரும் டாங்கிளைத் தொட அனுமதிக்கும் யூடெவ் விதிக் கோப்பு ஒன்று வருகிறது. அதை உரிய கோப்புறையில் நகலெடுத்து விதிகளை மறுபடி ஏற்றினால் முடிந்தது.

ஓப்பன்ஓசிடிக்கான அமைப்புக் கோப்பை உங்கள் களஞ்சியத்தில் நீங்களே எழுதி வையுங்கள். 2021-இல் வந்த 0.11-இல் வேகத்தைக் குறிக்கும் ஆணை உட்பட அடாப்டர் ஆணைகள் பல பெயர் மாறின. எஸ்டி-லிங்கின் ஒவ்வொரு வகைக்கும் தனித்தனியாக இருந்த கோப்புகளின் இடத்தில் ஒரே பொதுக் கோப்பு வந்திருக்கிறது. பத்துப் பேர் பத்து இடத்தில் பழைய ஆணையைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தால் பத்துப் பேரும் திருத்த வேண்டும்; 'மேக் டீபக்' என்று ஒரே வாசல் வைத்தால் ஒரு கோப்பைத் திருத்தினால் போதும். ஜிடிபி அதன் வழியாக 3333 என்ற போர்ட்டில் பேசும்.

ஜிடிபியின் தொடக்கக் கோப்பைக் களஞ்சியத்தில் வைத்தால், அது நம்பகமான இடத்தில் இல்லை என்று ஜிடிபி ஏற்க மறுக்கும். ஒவ்வொருவரும் தம் கணினியில் அனுமதி எழுதிக்கொண்டிருப்பதைவிட, சாதாரணப் பெயரில் வைத்து, 'மேக் டீபக்' ஆணையே அதை வெளிப்படையாகக் கொடுக்கும்படி செய்வது நல்லது. ஆர்ம் தொகுப்பு 10.3-இல் உள்ள ஜிடிபி, புதிய உபுண்டுவில் என்கர்சஸ் 5 நூலகம் இல்லை என்று அடம்பிடிக்கும். எங்கிருந்தோ பழைய நூலகத்தைத் தேடி ஒட்ட வேண்டாம். உபுண்டு தரும் ஜிடிபி-மல்டிஆர்ச்சை நிறுவுங்கள். டீபக்கர் பைட்டுகளை உருவாக்குவதில்லை, பார்க்க மட்டுமே செய்கிறது. அதனால் கம்பைலர் அளவுக்குப் பதிப்பில் கெடுபிடி தேவையில்லை.

இனி சில்லு. டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் வாங்கும் சிறு நீலப் பலகைகளில் எல்லாம் ஒரே சில்லு இருக்கும் என்று எண்ணாதீர்கள். எஸ்டி நிறுவனத்தின் எஃப்103 தன்னை 1பிஏ01477 என்று அறிமுகப்படுத்திக்கொள்ளும். சிஎஸ்32 போன்ற ஒத்த வகைச் சில்லுகள் 2பிஏ01477 என்று சொல்லும். எதிர்பாராத அடையாளம் என்று ஓப்பன்ஓசிடி நிறுத்திவிடும். எதிர்பார்க்கும் அடையாளத்தை அமைப்புக் கோப்பில் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் இரண்டையும் கண்ணை மூடி ஏற்கும்படி செய்யாதீர்கள். இரண்டு பெயரில் இரண்டு அமைப்புக் கோப்புகள் வைத்து, எந்தப் பேனலில் எது என்று எழுதி வையுங்கள். வாடிக்கையாளரிடம் போகும் பேனலில் எந்தச் சில்லு இருக்கிறது என்று தெரிந்துகொள்ள இந்தப் பிழைச் செய்தியைவிட மலிவான வழி கிடையாது.

டாங்கிள்களிலும் இதே கதை. முனைகளின் வரிசை டாங்கிளுக்கு டாங்கிள் மாறும்; மேலே அச்சிட்டிருப்பதைப் பார்த்தே கம்பி செருகுங்கள். மலிவான பலவற்றில் ரீசெட் என்று எழுதிய முனை எஸ்டிஎம்8 சில்லுகளுக்கானது. உங்கள் சில்லை அது ரீசெட் செய்யாது.

பேனலுக்குள் வைத்து டீபக் செய்யும்போது இரண்டு எச்சரிக்கைகள். 415 வோல்ட் பேனலில் மெயினை அணைத்து, கன்ட்ரோல் பலகைக்குத் தனியாக 5 வோல்ட் கொடுத்த பிறகே டாங்கிளைச் செருகுங்கள். மடிக்கணினியின் யூஎஸ்பி வழியாக எது எங்கே எர்த் ஆகிறது என்று அங்கே நின்று யோசிக்கக் கூடாது. அடுத்து, பக்கத்தில் வேறொரு பேனலில் மோட்டாரை இணைத்துத் துண்டிக்கும் கான்டாக்டர் அடித்துக்கொண்டிருந்தால் டீபக் இணைப்பு அறுந்து அறுந்து போகும். கம்பியைக் குட்டையாக்குங்கள், வேகத்தை 480 கிலோஹெர்ட்ஸுக்கோ 240-க்கோ இறக்குங்கள்.

நிறுத்தச் சொல்லிக் குறித்த இடத்தில், அதாவது பிரேக்பாயிண்டில், நிரல் நின்றதும் வாட்ச்டாக் கடித்து ரீசெட் செய்கிறதா? இந்தச் சில்லில் அதற்கென்றே ஒரு டீபக் ரிஜிஸ்டர் (சில்லின் உள்ளே அமைப்புகளை எழுதும் இடம்) இருக்கிறது. கோர் நிற்கும்போது வாட்ச்டாக்கையும் டைமர்களையும் சேர்த்து நிறுத்தும் பிட்டுகள் அதில் உள்ளன. அவற்றை எழுதும் வரி ஃபர்ம்வேரில் இருக்கக் கூடாது, ஜிடிபி ஸ்கிரிப்டில்தான் இருக்க வேண்டும்; வயலுக்குப் போகும் பைட்டுகள் டீபக்கருக்காக மாறக் கூடாது. ஃபிளாஷில் ஓடும் நிரலுக்கு வன்பொருள் பிரேக்பாயிண்டுகள் ஆறு மட்டுமே. ஏழாவதை ஜிடிபி மறுத்தால் கருவியைத் திட்டாதீர்கள்.

டீபக்கர் திடீரென்று எதையும் காணவில்லை என்று சொல்வதற்கு, எஃப்103-இல், நான் முதலில் பார்க்கும் இடம் ஒன்று உண்டு. முனைகளின் மாற்று வேலைகளை அமைக்கும் ரிஜிஸ்டரில் டீபக் முனைகளுக்கான மூன்று பிட்டுகள் எழுத மட்டுமே ஆனவை. படித்தால் என்ன வரும் என்று உத்தரவாதம் கிடையாது. லைப்ரரி அந்த ரிஜிஸ்டரைப் படித்து, வேறொரு பிட்டை மாற்றி, திரும்ப எழுதினால், தெரியாமலேயே டீபக் முனைகளை அணைத்துவிடலாம். அந்த ரிஜிஸ்டரைத் தொடும் வேலையை ஒரே செயல்பாட்டுக்குள் அடைத்து, எழுதும்போதெல்லாம் அந்த மூன்று பிட்டுகளுக்கும் வேண்டிய மதிப்பை வெளிப்படையாக வையுங்கள். ஏற்கெனவே இப்படி டீபக்கருக்கு எட்டாமல் போன பலகைக்கு வழி: பூட்0 ஜம்பரை 1-இல் வைத்து ரீசெட் செய்தால் உங்கள் ஃபர்ம்வேர் ஓடாது, சில்லின் சொந்தப் பூட்லோடர் ஓடும். டீபக்கர் அப்போது இணையும். இல்லையென்றால் முதல் சீரியல் போர்ட் வழியாகவே ஃபிளாஷை அழித்து எழுதலாம்.

வயலுக்குப் போனதன் நகல்

ஒவ்வொரு வெளியீட்டுக்கும் பைனரியை மட்டும் வைத்தால் பாதி வேலைதான். டீபக் தகவல் அடங்கிய எல்ஃப் கோப்பு, எது எந்த முகவரியில் என்று சொல்லும் லிங்கரின் மேப் கோப்பு, கருவிப் பதிப்புப் பட்டியல், எஸ்ஹெச்ஏ256 எண் ஆகியவற்றையும் சேர்த்து ஒரே கோப்புறையில் வையுங்கள்; ஹார்ட் டிஸ்கில் கம்பைலர் இருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே.

இதன் பயன் பழுது வரும்போது தெரியும். தொடர முடியாத பிழையில் நிரல் சிக்கி ஹார்ட்ஃபால்ட் ஆகும்போது சில்லு எட்டு ரிஜிஸ்டர்களைத் தானாகவே ஸ்டாக்கில் போடும். ஆறாவது, திரும்பும் முகவரி. ஏழாவது, பெரும்பாலும் தவறு நடந்த ஆணையின் முகவரி. எங்கள் லைப்ரரியின் ஹார்ட்ஃபால்ட் செயல்பாடு இந்த இரண்டையும் ரீசெட்டுக்குப் பிறகும் அழியாத இடத்தில் எழுதி வைத்து, அடுத்த முறை ஓடும்போது சீரியல் போர்ட்டில் சொல்லும். எலக்ட்ரீஷியன் போனில் வாசிக்கும் எண்ணை 'அட்ரஸ்-டு-லைன்' கருவியிடம் கொடுத்தால், கோப்பின் பெயரும் வரி எண்ணும் வந்துவிடும். ஆனால் அதே வெளியீட்டின் எல்ஃப் கோப்பைத்தான் கொடுக்க வேண்டும். வேறு எல்ஃபைக் கொடுத்தாலும் கருவி ஒரு பதிலைச் சொல்லும், அது தவறு என்பது மட்டும் அதற்குத் தெரியாது.

பலகையே கைக்கு வந்துவிட்டால், எதையும் எழுதும் முன் ஜிடிபியில் அந்த எல்ஃபைத் திறந்து 'கம்பேர்-செக்ஷன்ஸ்' கொடுங்கள். ஃபிளாஷில் உள்ளதும் எல்ஃபில் உள்ளதும் ஒன்றா என்று பகுதி பகுதியாகச் சொல்லும். படிக்க விடாமல் ஃபிளாஷைப் பூட்டியிருந்தால் இது நடக்காது. பூட்டைத் திறந்தாலோ முழு ஃபிளாஷும் அழிந்துவிடும். எனவே பூட்டுவதா வேண்டாமா என்று முதல் வெளியீட்டிலேயே முடிவு செய்யுங்கள். நாங்கள் பூட்டுவதில்லை. நீர் வற்றினால் மோட்டாரை நிறுத்தும் நிரலைத் திருடி யாரும் கோடீஸ்வரர் ஆகப்போவதில்லை.